நான்கு அடித் தொட்டியில் மலாவி சிக்லிட்கள்: சில வருட அனுபவம்

சிக்லிட் என்ற சண்டைக்கார வண்ண மீன்களை வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சண்டையை நிறுத்த முடியாது. அடி முழுக்க ஒரே மீன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே.

என்னுடையது சுமார் 250 லிட்டர் தொட்டி. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழும் எம்புனா வகைகள்தான் எல்லாம்: மஞ்சள் லேப், அசேய், கென்யி. சென்னை கொளத்தூரில் ஒரே அளவுக் குஞ்சுகளாகச் சேர்த்து வாங்கியது. எங்கள் போர் தண்ணீர் தாது உப்புகள் மிகுந்த கடின நீர், பிஎச் 8-ஐ ஒட்டி இருக்கும். இவற்றுக்கு அதுதான் தோது.

கென்யி சின்னதில் எல்லாமே நீலம். ஆண் வளர வளர மஞ்சளாகும். என் தொட்டியில் ஒன்று நிறம் மாறத் தொடங்கியதுமே பெரிய கல்லுக்கு அடியில் மணலைத் தோண்டி இடம் பிடித்தது. பக்கத்தில் வருகிறவனுக்கு எதிரே துடுப்புகளை விரித்து உடம்பை உதறும். விலகாவிட்டால் வாயோடு வாய் கவ்விச் சுற்றும். இதுவரைக்கும் கவலை இல்லை. ஒரு மீன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு ஃபில்டர் குழாய் ஓரம், நீர்மட்டத்தை ஒட்டியே நின்றால்தான் ஆபத்து. உடனே தனியே எடுத்துவிட வேண்டும். தேறியதும் கற்களை எல்லாம் கலைத்து அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்த பிறகு திரும்ப விடுவேன். எல்லை எல்லாருக்குமே புதிதாகிவிடுவதால் பழைய பகை பெரும்பாலும் தொடர்வதில்லை.

கொஞ்சம் நெரிசலாகவே வைத்திருக்கிறேன். துரத்துகிறவனுக்கு யாரைத் துரத்துவது என்றே நிலைக்காது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் இருப்பது அவசியம். ஆனால் நெரிசலுக்கு விலை உண்டு: பெரிய ஃபில்டர், வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப்.

தீனி ஸ்பைருலினா பாசி கலந்த பெல்லட், அதுவும் அளவாக. ரத்தப்புழு கொடுப்பதே இல்லை. பாசி மேயும் வகைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் வயிறு வீங்கிச் சாகலாம் என்பார்கள்.

பெண் முட்டைகளை வாயில் வைத்து ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். தாடை புடைத்து, தீனி போட்டாலும் ஒதுங்கியே நிற்கும். அந்த நாட்களில் அது நுழையக்கூடிய, ஆனால் ஆண் நுழைய முடியாத சின்னச் சந்துகள் கற்களுக்குள் இருந்தாக வேண்டும்.

இரண்டு அடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் எம்புனா வேண்டாம். நான்கு அடி வைத்து முதல்முறை தொடங்குகிறவர்கள் மஞ்சள் லேப், அசேய் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கென்யியை அப்புறம் யோசிக்கலாம்.