பாலிமர் கிளே என்று சாதாரணக் களிமண்ணை விற்கிறார்கள்: மதுரையில் மணி செய்பவர்கள் கவனிக்கவும்

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில், கைவினைச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் பாலிமர் கிளே (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் களி) என்று சொல்லி வேறு எதையோ விற்கிறார்கள். மணி கோத்து நகை செய்து விற்பவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

கம்பெனி உறை கிடையாது. பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கலர் கட்டிகள். "ஒரிஜினல்தான்க்கா, பெரிய பாக்கெட்டப் பிரிச்சு லூஸா குடுக்கிறோம், அதான் விலை கம்மி" என்றார் கடைக்காரர். 57 கிராம் இறக்குமதிக் கட்டிக்குக் கொடுக்கும் காசுக்கு இங்கே கால் கிலோ. ஒரு கல்யாண ஆர்டர் கையில் இருந்ததால் மொத்தமாக வாங்கினேன். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் 'கிளே' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

உருட்டுவதற்கு அருமையாகத்தான் இருந்தது. ஓடிஜியில் (வீட்டு மின் அடுப்பு ஓவன்) 130 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால், பாதி மணிகளில் ஊசித்துளையைச் சுற்றி வெடிப்பு. வெடிக்காதவற்றை மாலையாகக் கோத்துக் கொடுத்தேன். சித்திரை மாத முகூர்த்தம், மண்டபத்தில் கூட்டம். பெண்ணின் தங்கைக்குக் கழுத்து வியர்த்ததும் மணிகள் பிசுபிசுத்து, மெரூன் சாயம் பட்டுச் சேலை வரை இறங்கிவிட்டது. ஆர்டர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சேலைக்கு என்ன பதில் சொல்வது?

பாலிமர் கிளே மண்ணே கிடையாது. பிவிசி பிளாஸ்டிக்கும் அதை இளக்கி வைக்கும் ரசாயனமும் நிறமும் சேர்ந்தது. காற்றில் காயாது, தண்ணீரில் கரையாது, சூட்டில்தான் இறுகும். மிச்சமிருந்ததில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கூழாகிவிட்டது. தட்டில் திறந்து வைத்த துண்டு மறுநாள் கெட்டியாகக் காய்ந்திருந்தது. காற்றிலேயே உலரும் சாதாரணக் களி, அவ்வளவுதான். (அந்தக் களியிலும் தப்பில்லை, கொலு பொம்மை செய்யலாம். பேரை மாற்றி விற்பதுதான் தப்பு.)

கொண்டுபோய்க் காட்டினால், "உங்க ஓவன்ல சூடு பத்தலக்கா, 200ல வைங்க" என்கிறார். பணம் போனதை விட இதுதான் எனக்குக் கோபம். பாலிமர் கிளேயை பிராண்டைப் பொறுத்துப் பெரும்பாலும் 110 முதல் 135 டிகிரிக்குள்தான் வைப்பார்கள், உறையிலேயே அச்சடித்திருக்கும். இவர் பேச்சைக் கேட்டு நிஜமான பாலிமர் கிளேயை யாராவது 200-இல் வைத்தால் அது கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணும் தொண்டையும் எரியும். அதுவும் பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்குள்!

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து, அனுமதி பெற்று, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஒரே மனுவாகப் போடவும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. அங்கே வாங்கியவர்கள் மிச்சக் கட்டியைத் தூக்கிப் போடாமல், ஜிபேயில் பணம் அனுப்பிய விவரத்தோடு எடுத்து வையுங்கள். சேர்ந்தே போகலாம்.