0.01 கிராம் காட்டும் கையடக்கத் தராசு: மோல் பாடத்துக்காக வாங்கியது

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், வீட்டுத் திண்ணையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஆண்டு ஏழு பேர். நகைக்கடைக்காரர்கள் கல் எடை பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன மின்னணுத் தராசை ஜூன் மாதம் 420 ரூபாய்க்கு வாங்கினேன். அதிகபட்சம் 200 கிராம் நிறுக்கும், 0.01 கிராம் வரை காட்டும். ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோல் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் 6.022 × 10²³ என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நிறையை மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் கிராம் எடையால், வகுக்கவும் தெரியும். ஆனால் உப்புச் சாடியைக் கையில் கொடுத்து, "இதில் கால் மோல் எடுத்து வை" என்றால் விழிப்பார்கள். பத்து ஆண்டுகளாக இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப் போயிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் விற்பார்கள். ஒரு கவுளி என்றால் நூறு இலை. கொழுந்துக் கவுளியும் முற்றிய இலைக் கவுளியும் எண்ணிக்கையில் ஒன்றுதான். கையில் தூக்கினால் கனம் வேறு. மோலும் அப்படிப்பட்ட ஓர் எண்ணிக்கைதான் என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்தேன். பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து டேர் பொத்தானை அழுத்தினால் எண் பூச்சியத்துக்கு வந்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு மோல் எடுத்தோம். தண்ணீர் 18 கிராம்: ஒரு மடக்குக்கு மேல் இல்லை. உப்பு 58.44 கிராம். சர்க்கரை 342.3 கிராம், அது தராசின் எல்லையைத் தாண்டும் என்பதால் அரை மோலாக இரண்டு முறை நிறுத்தோம். மூன்று குவியலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது ஒரு மாணவி, "எல்லாவற்றிலும் எண்ணிக்கை ஒன்றா?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். ஒன்றுதான். உப்பில் மட்டும் தனி மூலக்கூறு கிடையாது, சோடியமும் குளோரினும் சேர்ந்த ஜோடிகளாக எண்ண வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்ல முடிந்தது. பழைய குறிப்பேடுகளில் 12 கிராம் கார்பன்-12 ஐ வைத்து மோலை வரையறுத்திருப்பார்கள். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்ற எண்ணே நேரடி வரையறை. கவுளியைப் போலவே இதுவும் முதலில் எண்ணிக்கை, பிறகுதான் எடை என்று சொல்ல எனக்கு இது மிகவும் வசதியாகிவிட்டது.

இந்தத் தராசு தன் விலையைத் திருப்பிக் கொடுத்த நாள் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆப்பச் சோடாவை, அதாவது சோடியம் பைகார்பனேட்டை, சூடாக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். பலகையில் மூன்று சமன்பாடுகளை எழுதினோம். சோடியம் ஹைட்ராக்சைடு மிஞ்சலாம், சோடியம் ஆக்சைடு மிஞ்சலாம், சோடியம் கார்பனேட் மிஞ்சலாம். மூன்றையும் தாளில் சரியாகவே சமப்படுத்த முடியும். எது நடக்கிறது என்பதைத் தாள் சொல்லாது. சோடாவின் மோலார் நிறை 84. நாம் எடுப்பது 8.40 கிராம், அதாவது 0.1 மோல். முதல் சமன்பாடு உண்மையென்றால் 4.00 கிராம் மிஞ்ச வேண்டும், இரண்டாவதென்றால் 3.10, மூன்றாவதென்றால் 5.30. பிள்ளைகள் மூன்று கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள்.

சின்ன எவர்சில்வர் கிண்ணத்தின் எடை 62.35 கிராம். சோடாவைப் போட்டதும் 70.75. அடுப்பில் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்துக் கம்பியால் மெல்லக் கிளறினோம். மேலே பிடித்த எவர்சில்வர் தட்டில் நீர் முத்து முத்தாகப் படிந்தது. ஆறவைத்து நிறுத்தபோது 68.21. மீதி 5.86 கிராம். எந்தக் கட்சிக்கும் சேராத எண்! அவர்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். அந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். "இன்னும் முடியவில்லையோ?" என்று ஒரு பையன்தான் கேட்டான். மறுபடி சூடாக்கினோம். 67.72. மறுபடி. 67.66. இன்னொரு முறையும் 67.66. மீதி 5.31 கிராம். கார்பனேட் கட்சி கத்திய கத்தலில் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்கள். எடை மாறாமல் நிற்கும்வரை சூடாக்க வேண்டும் என்ற விதியை நான் பலகையில் எழுதவே இல்லை; அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருள். புத்தகத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பாட்டிலில் 4 சதவீதம் என்று அச்சிட்ட வினிகரில் 100 கிராம் எடுத்தோம். அதில் அசிட்டிக் அமிலம் 4 கிராம், ஏறக்குறைய 0.067 மோல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டிப் பாத்திரமாக்கினோம். 4.20 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தபோது மொத்த எடையில் 2.04 கிராம் குறைந்தது. கணக்குப்படி 2.20 கிராம் கார்பன் டை ஆக்சைடு போயிருக்க வேண்டும். கொஞ்சம் நீரிலேயே கரைந்து தங்கிவிடும், சோடாப் பாட்டிலில் இருப்பதைப் போல. பிறகு புது வினிகரில் சோடாவை இரட்டிப்பாக்கி 8.40 கிராம் போட்டோம். இழப்பு 2.77 கிராம்தான், இரட்டிப்பாகவில்லை. அமிலம் தீர்ந்துவிட்டது. மேலும் கொஞ்சம் வினிகர் ஊற்றியதும் அடங்கிக் கிடந்தது மறுபடி பொங்கியது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. அறுபது நொடி தொடாமல் விட்டால் தானாக அணைந்துவிடுகிறது. டேர் செய்து வைத்திருந்த எடையும் அதோடு போய்விடும். பாத்திரத்தின் எடையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதே வழி. மின்விசிறிக் காற்றில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கிறது. விசிறியை நிறுத்தாமல் நிறுக்கவே முடியாது. சூடான பாத்திரத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் மேலே வைக்காதீர்கள். சூட்டில் காற்று மேலெழும்புவதால் எடை குறைவாகக் காட்டும், உள்ளே உள்ள உணரியும் கெடும். சரிபார்க்க வேண்டிய 100 கிராம் படிக்கல்லைப் பெட்டியில் தரவில்லை, தனியாக வாங்க வேண்டியிருந்தது. அது வரும்வரை 2011 இல் வந்த வகை ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்துக்கொண்டேன். அதன் எடை 6 கிராம். புது நாணயமாகப் பார்த்து வைத்தால் 5.99, 6.00 என்று காட்டுகிறது. எனக்கு அது போதும். கிராம் தவிர அவுன்ஸ், காரட் என்று அலகுகள் மாறும் பொத்தான் டேர் பொத்தானுக்கு மிக அருகில் இருப்பது பெரிய தொல்லை. ஒரு நாள் அரை மணி நேரம் காரட்டில் நிறுத்துவிட்டு, எல்லா எண்ணும் ஐந்து மடங்காக வருவதேன் என்று திகைத்திருக்கிறோம்.

ஒரு மாணவனின் தாத்தா சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்தவர். கல் வெந்தால் பாதியாகிவிடும் என்று அவர் சொன்னதாக வந்து சொன்னான். கால்சியம் கார்பனேட் 100 கிராம் வெந்தால் 56 கிராம் சுண்ணாம்பு என்று அவனே கணக்குப் போட்டு வந்திருந்தான். வீட்டு அடுப்பில் அதைச் செய்து பார்க்க முடியாது, ஏறக்குறைய 900 டிகிரி வேண்டும். மீதி 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது என்று தாத்தாவுக்கு விளக்கினானாம்; இத்தனை காலம் புகையோடு போகிறது என்றுதான் நினைத்திருந்தாராம் அவர்.

ஏழு பேருக்கு ஒரு தராசு போதவில்லை. இதே வகையில் இன்னொன்று வாங்கப் போகிறேன். நீங்களும் வாங்குவதாக இருந்தால், 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசை வாங்கிவிடாதீர்கள், அதில் 5.31 கிடைக்காது. டிரிபிள் ஏ பேட்டரி இரண்டு கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.