ஏற்காட்டு மலைப்பாதையில் என்னோடு தங்கிய தொழில்நுட்பப் பாட்காஸ்ட்டுகள்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கணினித் துறையில் இருப்பவர்களிடம் நல்ல பாட்காஸ்ட் ஒன்றைச் சொல்லச் சொன்னால், வாய் மூடுவதற்குள் பத்துப் பெயர்கள் வந்துவிடும். ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர்களும், வீட்டு மொட்டைமாடி அறையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் மின்னணு ஆர்வலர்களும் எனக்குச் சொன்ன பெயர்கள் கொஞ்சமல்ல. மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் நான், ஏற்காடு நாகலூர்ப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு வந்து போகிறவன். பேருந்தில் கழியும் நேரம் முழுவதும் காதுக்கு வேலை கொடுத்து, அந்தப் பெயர்களில் பெரும்பாலானவற்றை ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எவை தங்கின, எவை கழன்றன, அதற்குக் காரணம் என்ன என்பதை, புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே பொருளையோ ஒரே சம்பவத்தையோ எடுத்துக்கொண்டு, அது உருவான விதத்தையும் உடைந்த விதத்தையும் அடிமுதல் நுனிவரை சொல்லும் நிகழ்ச்சிகளே என்னிடம் தங்கியிருக்கின்றன. வாராந்திரச் செய்தி அலசல்களும், பிரபலங்களுடன் மணிக்கணக்கில் நீளும் உரையாடல்களும் கேட்கும்போது சுவையாக இருந்தாலும், ஓராண்டு கழித்து நினைத்துப் பார்த்தால் அவற்றிலிருந்து கையில் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

அதற்கு முன் கேட்கும் முறையைப் பற்றிச் சிறிது. அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையிலுள்ள இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் சிக்னல் அறுந்துவிடும் என்பதால், நேரலையாக இயக்கிக் கேட்பது நடவாத காரியம். இரவே வீட்டு வைஃபையில் பதிவிறக்கி வைத்துக்கொள்வதே வழி. நான் பயன்படுத்துவது ஆன்டெனாபாட் என்னும் கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலி. இதில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, விளம்பரமும் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாகப் பேச்சு வேகத்தைக் குறித்து வைக்கலாம், தொடக்க இசையை இத்தனை விநாடி தாண்டிவிடு என்று சொல்லி வைக்கலாம், கேட்டு முடித்த கோப்பைத் தானாக அழிக்கவும் செய்யலாம். 128 கிலோபிட் வேகத்தில் பதிவான ஒரு மணி நேர எம்பி3 கோப்பு சுமார் 58 மெகாபைட் இருக்கும் என்பதால், பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த அழிக்கும் வசதி மிகவும் உதவும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டபோது அதை நம்பியிருந்த நண்பர்கள் பலர் தங்கள் சந்தாப் பட்டியலை எங்கே கொண்டுபோவது என்று அலைந்தார்கள். பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்திருந்தால் எந்தச் செயலிக்கும் நிமிடத்தில் மாறிவிடலாம். பாட்காஸ்ட் என்பது இன்றும், புதிய பகுதிகளின் பட்டியலை எந்தச் செயலியும் படிக்கத் தரும் ஆர்எஸ்எஸ் ஓடை என்னும் திறந்த ஏற்பாட்டின்மேல்தான் நிற்கிறது. ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் மட்டும் கிடைக்கும் நிகழ்ச்சிகளை நான் தவிர்ப்பதற்கும் அதுவே காரணம்.

மலைப்பாதை இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். வளைவில் ஓட்டுநர் கியரைக் குறைத்ததும் எழும் இன்ஜின் இரைச்சலில், தாழ்ந்த குரல்களும் பின்னணி இசை தூக்கலாக உள்ள நிகழ்ச்சிகளும் மூழ்கிவிடுகின்றன. லினக்ஸ் மென்பொருள் நிறுவனமான ரெட்ஹேட் 2018இல் தொடங்கிய கமாண்ட் லைன் ஹீரோஸ் இந்த வகையில் எனக்குச் சிரமம் கொடுத்தது. சாரோன் யிட்பாரெக் தொகுத்து வழங்கிய அந்த நிகழ்ச்சி, இயங்குதளங்கள், நிரலாக்க மொழிகள், பழைய வன்பொருள்கள் என்று பருவத்துக்கு ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு அரை மணி நேர அளவில் கதை சொல்கிறது. துறைக்குப் புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இசையும் ஒலித்துணுக்குகளும் அடுக்கடுக்காக வருவதால், வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்பதே அதற்குப் பொருத்தம்.

என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது ஆடம் கார்டன் பெல் நடத்தும் கோரிகர்சிவ். ஒரு மென்பொருளுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை அழைத்து, அவர் செய்த வேலையை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது இதன் முறை. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் பேசும் பகுதியை, சோதனைப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றில், சேதம் ஏற்படும்போது எந்த வால்வை மூட வேண்டும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருளில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். தரவுத்தளச் சேவையகம் நின்றுபோனால் இவருடைய நிரல் திரையில் ‘இணைக்க முடியவில்லை’ என்று காட்டும். பழி இவர் தலையில் விழும். சேவையகமே இல்லாமல் வட்டிலுள்ள கோப்பை நேரடியாகப் படித்தால் என்ன என்ற கேள்வி அங்கே பிறந்தது, 2000ஆம் ஆண்டில் எஸ்க்யூலைட்டாக வெளிவந்தது. இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பயன்பட்டது அவர் சோதனையைப் பற்றிச் சொல்லும் இடம். விமான மென்பொருளுக்கான தரநிலையில் எம்சி/டிசி என்றொரு அளவுகோல் உண்டு. ஒரு நிபந்தனை வரியில் மூன்று கூறுகள் இருந்தால், வரி முழுவதும் ஒருமுறை உண்மையாகவும் ஒருமுறை பொய்யாகவும் ஓடிவிட்டது என்பது இதற்குப் போதாது. மற்ற இரண்டும் மாறாதிருக்க, ஒவ்வொரு கூறும் தனியாகவே முடிவை மாற்றுகிறது என்பதையும் சோதனை காட்டியாக வேண்டும். யாரும் கட்டாயப்படுத்தாத நிலையில் ஹிப் அந்த அளவுகோலை எஸ்க்யூலைட்டின் மையப்பகுதி முழுவதற்கும் கொண்டுவந்தார். அதற்காக நீண்ட காலம் ஓய்வில்லாமல் உழைத்ததையும், அதன்பின் வழுக்கள் பல ஆண்டுகளுக்கு ஏறக்குறைய நின்றே போனதையும் அவர் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார். இதைக் கேட்டபின் எங்கள் குழுவில் கட்டண விதிகளைக் கணக்கிடும் ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு, நிபந்தனை வரிகளுக்கு இந்த முறையில் சோதனை எழுதிப் பார்த்தோம். எந்தக் காலத்திலும் முடிவை மாற்றவே முடியாத நிபந்தனைக் கூறு ஒன்று அங்கே நெடுநாளாக உட்கார்ந்திருந்தது. நூறு விழுக்காடு வரிகளும் ஓடின என்று அறிக்கை காட்டிய கோப்பு அது.

ஜாக் ரைசைடர் 2017இல் தொடங்கிய டார்க்நெட் டைரிஸை எனக்குச் சொல்லாத நண்பர் இல்லை. இணையக் குற்றங்களையும் ஊடுருவல்களையும் பற்றிய நிகழ்ச்சி அது. பரபரப்புக்காகக் கேட்பவர்களும் உண்டு, ஆனால் அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். 2016 பிப்ரவரியில், அந்த வங்கியின் பெயரால், அதன் கணக்கு இருந்த நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணமாற்று ஆணைகள், மொத்தம் சுமார் 95 கோடி டாலருக்குச் சென்றன. கொள்ளையர்கள் நாள் பார்த்துத்தான் கை வைத்திருக்கிறார்கள்: வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறை, நியூயார்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை, பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸில் திங்களன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. பணமாற்றங்களைத் தாளில் அச்சிட்டுக்கொண்டே இருக்க வேண்டிய பிரிண்டர் ஓடாமல் நின்றிருந்தது. வழக்கமான பழுது என்று அலுவலர்கள் நினைத்தார்கள். இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் ஓர் எழுத்துப்பிழையால் ஐயத்துக்குள்ளாகித் தடுக்கப்பட்டது, 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது.

பிரிண்டர் நின்றால் பிரிண்டரை மட்டும் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களிலும் உண்டு. ஒரு சின்ன அறிகுறி எப்படிக் கண்ணில் பட்டும் படாமலும் போகிறது என்பதை, பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளின் படக்காட்சிகளைவிட இந்தப் பகுதி நன்றாக விளக்குகிறது. இதே சம்பவத்தை பிபிசி உலக சேவை 2021இல் த லாசரஸ் ஹைஸ்ட் என்ற தொடராகவே விரித்துச் சொன்னது. நேரம் இருப்பவர்கள் இரண்டையும் கேட்கலாம், கொள்ளைக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்படும் வட கொரியாவின் அரசியல் பின்னணி பிபிசி தொடரில்தான் விளக்கமாக வருகிறது.

மின்னணு ஆர்வலர்கள் பக்கத்திலிருந்து வந்த பரிந்துரைகளில் தங்கியது, கருவிகளுக்குள் பொதிந்திருக்கும் சிப்புகளையும் அவற்றின் நிரல்களையும் பற்றிப் பேசும் எம்பெடெட். எலீசியா வைட், கிறிஸ்டோபர் வைட் தம்பதியர் 2013 முதல் நடத்திவருகிறார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஓர் அண்ணன். காப்பிக் களத்தில் காயும் கொட்டைகளின் ஈரப்பதம் 11 விழுக்காட்டை ஒட்டி இறங்க வேண்டும், இரவில் மூடிவைக்கும் தார்ப்பாய்க்குள் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அதற்காக ஈஎஸ்பி32 என்னும் சிறு கணினிச் சிப் கொண்ட போர்டில் ஓர் உணரியை இணைத்து அவரே ஒரு கருவி செய்து வைத்திருந்தார். பேட்டரி மட்டும் தாங்கவேயில்லை. ஆழ்ந்த தூக்க நிலையில் அந்தச் சிப் 10 மைக்ரோஆம்பியர் அளவே இழுக்கும் என்று தயாரிப்பாளரின் தரவேடு சொல்லும்போது பேட்டரி ஏன் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகிறது என்று அவர் குழம்பியிருந்தார்.

தரவேட்டை நம்பி உட்காராமல் மீட்டரை வைத்து அளந்து பார் என்பது அந்த நிகழ்ச்சியில் அடிக்கடி கேட்கும் தொனி. அவர் பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தார். பத்து மில்லியாம்பியர் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2,000 மில்லியாம்பியர் மணி பேட்டரி அந்தக் கணக்கில் 200 மணி நேரம், அதாவது எட்டு நாள்தான் தாங்கும். “தம்பி, சிப்பு தூங்குது, போர்டு தூங்கலையே” என்று சொல்லி, போர்டின் சிவப்பு எல்ஈடியையும் பக்கத்திலிருந்த வோல்டேஜ் ரெகுலேட்டரையும் யுஎஸ்பி சிப்பையும் விரல் வைத்துக் காட்டினார். எல்ஈடியை நெம்பி எடுத்துவிட்டு, குறைவாக மின்சாரம் குடிக்கும் ரெகுலேட்டர் ஒன்றின் வழியே பேட்டரியை இணைத்தபின், அறுவடைக் காலம் முழுவதையும் ஒரே பேட்டரி ஓட்டிவிட்டது. தொழில்முறைப் பொறியாளர்களின் பேச்சு, பொறியியல் படிக்காத ஒருவர் கையில் இப்படி வேலை செய்வதைப் பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 2010இல் கிறிஸ் கம்மெலும் டேவ் ஜோன்ஸும் தொடங்கிய த ஆம்ப் அவரும் இதே வட்டத்தைச் சேர்ந்ததே. ஆனால் அங்கே பேச்சு கட்டுக்குள் நிற்பதில்லை, உதிரிப் பாகங்களின் சந்தை நிலவரம் தெரிய விரும்புவோருக்கே அது சரிப்படும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவ் கிப்சனும் லியோ லபோர்ட்டும் 2005 முதல் நடத்தும் கணினிப் பாதுகாப்பு நிகழ்ச்சியான செக்யூரிட்டி நவ், 999ஆம் பகுதியுடன் முடியும் என்று அறிவிக்கப்பட்டு, கேட்பவர்களின் அன்பினால் ஆயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு குறியாக்கம் எப்படி உடைந்தது என்று கிப்சன் படிப்படியாக விளக்கும் பகுதிகளை மட்டும் தேர்ந்து கேட்கிறேன். வாரச் செய்திகளைத் தாண்டிவிடுகிறேன். 2006இல் தொடங்கிய சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் ரேடியோ, ஏதேனும் ஒரு தலைப்பைப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்போது மட்டும் எடுத்துப் பார்க்கும் கலைக்களஞ்சியமாக இருக்கிறது. நிறுவனங்களின் வரலாற்றை மூன்று நான்கு மணி நேரம் பேசும் அக்வயர்டு பலருக்குப் பிடித்திருக்கிறது. தயாரிப்பைவிடப் பங்கு விலையைப் பற்றிய பேச்சு மேலோங்கிவிடுவதால் நான் விட்டுவிட்டேன்.

இவை எல்லாமே ஆங்கிலத்தில் இருப்பது எனக்கு ஓர் ஏக்கம். கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிடும் கணியம் போன்ற முயற்சிகள் உண்டு, ஆனால் ஒரு கருவி உடைந்து சரியான கதையை ஒரு மணி நேரம் தமிழில் பொறுமையாகச் சொல்லும் நிகழ்ச்சி எனக்கு இன்னும் அகப்படவில்லை. சொல்வதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. இளம்பிள்ளை விசைத்தறியில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்தியவரும், சேகோ ஆலையில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகையைப் பராமரிப்பவரும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு மின்னணுத் தராசு பழுதுபார்ப்பவரும் மைக் முன்னால் உட்கார்ந்தால், நான் மேலே சொன்ன எந்த நிகழ்ச்சிக்கும் குறையாத பகுதிகள் கிடைக்கும்.

இப்போது யாராவது என்னிடம் பரிந்துரை கேட்டால் நிகழ்ச்சியின் பெயரைச் சொல்வதில்லை, ஒரே ஒரு பகுதியின் இணைப்பை அனுப்புகிறேன். சோதனைப் பணியில் சேர்ந்தவருக்கு எஸ்க்யூலைட் பகுதி, வங்கியிலோ கணக்குப் பிரிவிலோ இருப்பவருக்கு வங்கதேச வங்கிப் பகுதி, கல்லூரி முதலாண்டு மாணவருக்கு கமாண்ட் லைன் ஹீரோஸின் முதல் பருவத் தொடக்கம். ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை என்று தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்கள் சொல்வதுண்டு. கோரிகர்சிவ், டார்க்நெட் டைரிஸ், எம்பெடெட், கமாண்ட் லைன் ஹீரோஸ் நான்கும் பேச்சின் எழுத்துவடிவத்தையும் இலவசமாகத் தருகின்றன. முதல்முறை அதைக் கையில் வைத்துக்கொண்டு முக்கால் வேகத்தில் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை எழுத்தில்லாமல் இயல்பான வேகத்தில் கேட்கச் சொல்கிறேன்.