கோவாக்ஸ்: எண்ணிக்கையில் தேறியது, நாளில் தவறியது

கொரோனாக் காலத்தில் நாடுகள் கூட்டாகத் தடுப்பூசி வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதற்காக 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்டு, 2023 டிசம்பர் 31 அன்று மூடப்பட்ட கோவாக்ஸ் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. (இந்தியாவில் போடப்பட்ட கோவேக்சினோடு இதைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு, அது மருந்து, இது மருந்தை வாங்கித் தந்த ஏற்பாடு.) உலக சுகாதார நிறுவனம், காவி தடுப்பூசிக் கூட்டணி, தடுப்பூசி ஆய்வுக்கு நிதி தரும் சி.இ.பி.ஐ. ஆகிய மூன்றும் முன்னின்று நடத்த, சரக்கைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை யுனிசெஃப் ஏற்றது.

இதை ஒரு தருமகாரியமாகப் பார்த்தால் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலம் ஒவ்வொரு மனிதருக்கும் அடிப்படை உரிமை என்றும், இனமோ மதமோ பொருளாதார நிலையோ அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 1946ஆம் ஆண்டுச் சாசனமே சொல்கிறது. உரிமை என்று எழுதிவைத்த பிறகு, எவ்வளவு வந்தது என்பதோடு எப்போது வந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

முதல் கேள்விக்கான விடை மதிக்கத்தக்கது. மூடப்படும்போது 146 நாடுகளுக்கும் ஆட்சிப் பகுதிகளுக்கும் ஏறத்தாழ 200 கோடி டோஸ்கள் போய்ச் சேர்ந்திருந்தன. வருமானம் குறைந்த 92 நாடுகளில் 57 சதவீதத்தினர் இரண்டு தவணைகளும் பெற்றிருந்தனர்; உலகச் சராசரி 67 சதவீதம். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் இடைவெளி இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் சேவை தடுமாறுகிறது. 200 கோடி என்பது 2021 முடிவதற்குள் எட்டுவதாகச் சொல்லப்பட்ட இலக்கு. அந்த ஆண்டு முடிந்து 2022 ஜனவரி நடுவில்தான் 100 கோடியாவது டோஸ் ருவாண்டாவில் இறங்கியது. பிரிட்டனில் 2020 டிசம்பர் 8 அன்றே பொதுமக்களுக்கு ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். கோவாக்ஸின் முதல் சரக்கு, 6 லட்சம் டோஸ்கள், கானாவின் அக்ரா நகரை அடைந்தது அதற்கு 78 நாள் கழித்து. செல்வந்த நாடுகள் கோவாக்ஸில் சேர்ந்துகொண்டே, மறுபுறம் நிறுவனங்களோடு தனித்தனியே ஒப்பந்தம் போட்டு வரிசையின் முன்னால் போய் நின்றன. வாங்கும் வலிமையைத் திரட்டுவதற்கென்றே அமைந்த கூட்டுக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. போதாக்குறைக்கு, தொடக்ககாலச் சரக்கில் பெரும்பகுதி புனே சீரம் நிறுவனம் தயாரித்த ஆஸ்ட்ராசெனகா தடுப்பூசியையே நம்பியிருந்தது. இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்து ஏற்றுமதி நின்றதும் வரத்தும் நின்றது.

அதன் விளைவை இலங்கை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் கோவாக்ஸ் வழியாக 2,64,000 டோஸ்கள் வந்தன; அதன்பின் ஆஸ்ட்ராசெனகா வரத்து அற்றுப்போக, முதல் ஊசி போட்டுக்கொண்ட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்தனர். ஜூலை இறுதியில் ஜப்பான் கோவாக்ஸ் மூலம் அனுப்பிய நன்கொடைதான் அவர்களின் காத்திருப்பை முடித்தது.

நன்கொடைக்கும் ஒரு குணம் உண்டு: கொடுப்பவருக்குத் தேவை தீர்ந்த பிறகே அது கிளம்பும். காலாவதிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் வந்து சேர்ந்த டோஸ்களைப் போட்டு முடிக்க இயலாமல், நைஜீரியா 2021 டிசம்பரில் பத்து லட்சத்துக்கும் அதிகமானவற்றை அழித்தது. அதே மாதத்தில் மட்டும் ஏழை நாடுகள் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களை வேண்டாமென்றன. அதற்கு முதன்மைக் காரணம் காலாவதி நாள். இதைத் தடுப்பூசித் தயக்கம் என்று சொல்லிக் கடந்தவர்கள், குளிர்பதனக் கிடங்கும் சிரிஞ்சும் ஊழியரும் ஒரே வாரத்தில் முளைத்துவிடுமா என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

என் பார்வையில் ஆகப்பெரிய சறுக்கல், அதிகம் பேசப்படாத ஓரிடத்தில் நிகழ்ந்தது. எந்த அரசின் பட்டியலிலும் இடம்பெறாத அகதிகளுக்கும் போர்ப்பகுதி மக்களுக்கும் என 5 சதவீத டோஸ்கள் ஒதுக்கப்பட்டன. உரிமை என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை அவர்கள்தாம். பக்கவிளைவு வழக்கு வந்தால் ஊசி போடும் தொண்டு நிறுவனமே இழப்பீட்டுப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் நிபந்தனை விதித்தார்கள். எந்தத் தொண்டு நிறுவனத்தால் அது முடியும்? ஒதுக்கீடு பெருமளவு ஏட்டிலேயே தங்கிவிட்டது.

உற்பத்தியைப் பரவலாக்குவதற்காக இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்ட, கொரோனா மருந்துகளையும் தடுப்பூசிகளையும் பிறரும் தயாரிக்க வழிவிடும் காப்புரிமை விலக்கு, உலக வர்த்தக அமைப்பில் 2022 ஜூனில், தடுப்பூசிகளுக்கு மட்டும் என்று சுருங்கி வெளிவந்தது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, கோவாக்ஸுக்கு ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன். அதில் பெரும்பங்கு சரக்கைச் சுமந்தவர்களுக்கு உரியது.

2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையைக் கோவாக்ஸின் அடுத்த பதிப்பாகக் கொள்ளலாம். அதன்படி, பங்கேற்கும் தயாரிப்பாளர்கள் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்; அதில் குறைந்தது பாதி நன்கொடை, மீதி கட்டுப்படியாகும் விலையில். ஆனால் இந்தமுறை அது மிச்சமானதிலிருந்து அல்ல, உற்பத்தியாகும் அந்தந்த நேரத்திலேயே தரப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதை நடைமுறைப்படுத்தும் இணைப்பு ஆவணத்தை மட்டும் தனியே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள்.