இன்டர்செப்டருக்கு 16 பல் முன் ஸ்பிராக்கெட்: டெல்டா ரோட்டுக்கு ஒத்துவருமா?

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் கம்பெனியிலிருந்து வரும்போது, செயின் ஓடுகிற பல்சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) முன்னால் 15 பல், பின்னால் 38. பின்னதை முன்னதால் வகுத்தால் 2.53, இதுதான் ரேஷியோ. முன் ஸ்பிராக்கெட்டை மட்டும் 16 ஆக்கினால் 2.38. ஒரு பல்தானே என்று தோன்றும், ஆனால் முன்னால் ஒரு பல் கூட்டுவது பின்னால் ஏறக்குறைய இரண்டரைப் பல் குறைப்பதற்குச் சமம். எல்லா கியரும் நீளும், அதாவது எஞ்சின் அதே அளவு சுற்றும்போது வண்டி இன்னும் வேகமாகப் போகும், சக்கரத்துக்குப் போகிற இழுவை 6 சதவீதம் குறையும்.

தஞ்சாவூரில் ஒரு கடையில் மாட்டினேன். வேலை சுத்தம். பழைய செயினே போதுமாக இருந்தது, பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, வண்டியில் ஆளை உட்காரவைத்து செயின் தொய்வைச் சரிபார்த்தார்கள்; இதைப் பல இடங்களில் செய்வதே இல்லை.

வல்லம் தாண்டி திருச்சி நாலுவழிச் சாலையில் கொடுத்த காசு தெரிகிறது. முன்பு 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) காட்டிய வேகத்துக்கு இப்போது 3750தான், செங்கிப்பட்டி வரை ஆறாவது கியரை மாற்றாமல் அமைதியாகப் போகலாம். டாப் ஸ்பீடும் கூடும் என்று கடையில் சொன்னார்கள், அதை நம்ப வேண்டாம். காற்றைக் கிழிக்க எஞ்சினில் தெம்பு இல்லாவிட்டால் நீளமான கியர் இருந்து என்ன புண்ணியம்?

அப்புறம் கும்பகோணம் பக்கம் திரும்புங்கள். அய்யம்பேட்டை, பாபநாசம் என்று ஊர் மாற்றி ஊர், வேகத்தடை, வாய்க்கால் மதகு, தை மாதமானால் பாதி ரோட்டில் காயும் நெல், மீதி ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். முப்பதுக்கு இறங்கி மறுபடி எழும்பும்போது மூன்றாவதில் போன இடத்தில் இரண்டாவது கேட்கிறது. "டெல்டா தட்டை நிலம் சார், மேடே கிடையாது, 16 தாராளமா இழுக்கும்" என்றார் கடைக்காரர். மேடு இல்லைதான். ஆனால் இந்த ஊரில் ரேஷியோவைத் தீர்மானிப்பது மேடு இல்லை, கிலோமீட்டருக்கு எத்தனை தடவை வேகம் குறைக்கிறோம் என்பதுதான்.

கார்க்காரர்களுக்கும் இதே கணக்குதான், ஸ்பிராக்கெட்டுக்குப் பதில், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னதும். மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 4.30 ரேஷியோ, 1.8 லிட்டர் வந்தபிறகுதான் 4.10 ஆனது. அங்கே எஞ்சினும் சேர்ந்து வளர்ந்தது. நாம் எஞ்சினைத் தொடாமல் பல்லை மட்டும் கூட்டுகிறோம்.

எனக்குத் திருச்சி ஓட்டம்தான் அதிகம், அதனால் கழற்றவில்லை. மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று உள்ளூர் ரோட்டிலேயே சுற்றுகிறவர்கள் 15-லேயே இருங்கள், மைலேஜ் கூடும் என்ற ஆசையும் வேண்டாம், ஒரு கியர் கீழேயே ஓட்டினால் மிச்சம் எங்கிருந்து வரும்? மாட்டுவதானால் பழைய 15-ஐக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செயின் தேய்ந்திருந்தால் அதில் புது ஸ்பிராக்கெட் வேண்டாம், செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் செட்டாகவே மாற்றிவிடுங்கள்.