லாஸ்பேட்டையில் ஒரு பேச்சுப் பயிற்சி நிலையம்: பெற்றோர் பார்வையில் ஒரு மதிப்புரை

புதுச்சேரி லாஸ்பேட்டையில், ஒரு குடியிருப்பு வீட்டின் முதல் மாடியில் இயங்கும் பேச்சுப் பயிற்சி நிலையத்திற்கு எங்கள் இளைய மகனைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அழைத்துச் சென்று வருகிறோம். இரண்டு வயது கடந்தும் அவனிடம் நான்கைந்து சொற்களுக்கு மேல் வராத நிலையில் அங்கே சேர்த்தோம். இப்போது அவன் மூன்று வயதை நெருங்குகிறான். இந்த நிலையத்தில் பயிற்சி பெறுபவர்கள் குழந்தையைவிடப் பெற்றோரே என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. வாரத்திற்கு ஒருமுறை குழந்தையை ஒப்படைத்துவிட்டு வெளியே காத்திருந்தால் போதும் என்று எண்ணி வருபவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றமளிக்கும். நாள் முழுவதும் குழந்தையோடு பேசும் விதத்தையே மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்து இல்லை. நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கு வரும் குடும்பங்களில் சில, உறவினருக்குத் தெரியாமல் குழந்தையை அழைத்து வருகின்றன. ஒரு குழந்தை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறது என்று தெரிந்தாலே ஊர் வேறு விதமாகப் பார்க்கும் நிலை இன்னும் மாறவில்லை என்பதால், அவர்களுடைய தயக்கத்தை மதிக்க வேண்டியிருக்கிறது.

நிலையத்தை நடத்துபவர் செவித்திறன் மற்றும் பேச்சு மொழித் துறையில் பட்டம் பெற்றவர். பேச்சுப் பயிற்சியாளர் போன்ற மறுவாழ்வுத் துறையினரைப் பதிவு செய்யும், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் அவர் பதிவு செய்திருப்பதற்கான சான்றிதழ், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. குழந்தை வளர்ச்சி மையம் என்ற பலகையோடு பல இடங்கள் தோன்றிவரும் இக்காலத்தில், இந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதற்குப் பெற்றோர் கூச்சப்படத் தேவையில்லை.

முதல் சந்திப்பிலேயே என் நம்பிக்கையைப் பெற்றது அவர் செய்த ஒரு மறுப்பு. செவித்திறன் சோதனையின் முடிவு கையில் இல்லாமல் பயிற்சியைத் தொடங்க மாட்டேன் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானே, தொலைக்காட்சிச் சத்தத்திற்கு ஓடி வருகிறானே என்றெல்லாம் நாங்கள் சொன்னோம். அதற்கு அவர், சளிப் பிடித்த குழந்தைகளின் நடுக்காதில் நீர் தேங்கி நிற்கும்போது ஓசை கேட்கும், ஆனால் சொற்களின் நுட்பமான வேறுபாடு தெளிவாகக் கேட்காது, அந்தக் குறை வருவதும் போவதுமாக இருப்பதால் வீட்டில் இருப்பவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்று விளக்கினார். இரண்டு வயதுக் குழந்தையிடம் கேட்கிறதா என்று கேட்டறிய முடியாது என்பதால், குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையைப் பதிவு செய்யும் பெரா சோதனையைச் செய்துவரச் சொன்னார். சோதனையில் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே பயிற்சி தொடங்கியது. வருமானத்தை ஒத்திவைத்துச் சரியான வரிசையைப் பின்பற்றும் ஒருவரிடம் குழந்தையை நம்பி அழைத்துச் செல்லலாம் என்று அன்று தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

அடுத்து நடந்த மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் நீடித்தது. அவர் நாற்காலியில் அமரவில்லை. பாயில் அமர்ந்து, என் மகன் தானாக நெருங்கி வரும் வரை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எத்தனை சொற்கள் பேசுகிறான் என்பதற்கு முன்பாக, எவ்வளவு புரிந்துகொள்கிறான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, ஒரு பொருளைக் காட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா, பொம்மைக்குச் சோறூட்டுவது போல் விளையாடுகிறானா என்பவற்றையே அவர் துருவித் துருவிக் கேட்டார். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான, 20 கேள்விகள் கொண்ட ஆட்டிசம் முற்சோதனைப் படிவத்தையும் நிரப்பச் செய்தார். இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லும் திறனும் பொதுவாக எதிர்பார்க்கப்படுகின்றன என்பதையும், என் மகனுடைய புரிதல் வயதுக்கு ஏற்றபடி இருக்க, வெளிப்படும் பேச்சு மட்டும் வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது என்பதையும் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். இத்தனை மாதத்தில் பேசிவிடுவான் என்ற உறுதியை அவர் தரவில்லை. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்றாலும், எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்பதை அந்த வயதில் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவே காத்திருப்பதில் பயனில்லை என்றார். மூன்று வயது வரை பார்க்கலாம் என்று முன்பு வேறொருவர் எங்களை அனுப்பி வைத்திருந்ததால், இந்தப் பதில் எங்களுக்கு மிகவும் தேவையாக இருந்தது.

ஓர் அமர்வு 45 நிமிடம். பெற்றோரில் ஒருவராவது உள்ளே இருந்தாக வேண்டும்; பார்வையாளராக அல்ல, விளையாட்டில் ஒருவராக. இதற்கு முன் சில வாரங்கள் நாங்கள் சென்ற மற்றோர் இடத்தில், கதவை மூடிக்கொண்டு குழந்தையை மட்டும் உள்ளே வைத்திருப்பார்கள். அழுகைச் சத்தம் வெளியே கேட்கும். முடிந்ததும், நன்றாகச் செய்தான் என்ற ஒரு வாக்கியத்தோடு அனுப்பிவிடுவார்கள். அங்கே என்ன நடந்தது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. லாஸ்பேட்டையில் நடப்பது நேர்மாறானது. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, நண்டும் நரியும் கையின் மேல் ஊர்ந்து போய், கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை நம் வீடுகளில் எல்லோரும் விளையாடுகிறோம். அந்த விளையாட்டில், விரல்கள் முழங்கையைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி வாய் பேசாமல் காத்திருக்கச் சொன்னார். ஐந்து நொடி, பத்து நொடி ஆகட்டும். அவன் ஒரு சத்தமோ, ஒரு பார்வையோ, கையை இழுக்கும் அசைவோ காட்டியதும் அதையே கேள்வியாக ஏற்று விளையாட்டைத் தொடர வேண்டும். நாமே எல்லாவற்றையும் முந்திக்கொண்டு செய்துவிடும்போது குழந்தைக்குப் பேச வேண்டிய தேவையே எழுவதில்லை என்பதை அந்தப் பத்து நொடி மௌனம் எனக்குக் காட்டியது. காத்திருப்பது எளிது என்று தோன்றும். பழகிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

வீட்டில் செய்ய வேண்டியவை என்று அவர் தந்தவற்றில், தவிர்க்க வேண்டியவையே முதலில் இருந்தன. இது என்ன, அது என்ன, சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு என்று குழந்தையைத் தேர்வு எழுத வைப்பது கூடாது. மாறாக, அவன் பார்க்கும் பொருளையும் அவன் செய்யும் செயலையும் சிறு சிறு வாக்கியங்களாக நாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவன் ஒரு சொல் சொன்னால் அதோடு இன்னொரு சொல் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். கடலூர் முதுநகரில் மீன் வாங்கும்போது அவன் மீன் என்றால், பெரிய மீன் என்றோ, மீன் துள்ளுது என்றோ நாம் சொல்ல வேண்டும். அவன் அதைத் திருப்பிச் சொல்லவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை வரும்போது வருது வருது என்று சொல்லி, கால் நனைந்ததும் வந்துட்டு என்று சொல்வதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். அவன் தானாகச் சொன்ன முதல் வினைச்சொல் அதுவாகத்தான் இருந்தது.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள், தம்பிக்கு வேண்டியதை எல்லாம் அவனுக்காகத் தானே கேட்டு வாங்கித் தருபவள். அவளைத் தடுக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆனால் அவர் அவளையும் ஓர் அமர்வுக்கு அழைத்து வரச் சொல்லி, இரண்டு பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு எது வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் வேலையை அவளிடமே ஒப்படைத்தார். அவள் எங்கள் எல்லோரையும்விட நன்றாகக் காத்திருக்கிறாள்.

என் மாமியாரை அவர் நடத்திய விதத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பது அத்தையின் உறுதியான கருத்து; நாக்கில் வசம்பு தேய்ப்பதும் நடந்துகொண்டிருந்தது. அத்தை ஒருமுறை எங்களோடு வந்தபோது, பயிற்சியாளர் அந்தக் கருத்தை மறுத்து வாதிடவில்லை. குடும்பத்தில் தாமதமாகப் பேசியவர்கள் இருப்பது தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான் என்று குறித்துக்கொண்டார். வசம்பில் உள்ள அசரோன் என்னும் வேதிப்பொருள் குழந்தையின் உடலுக்கு நல்லதல்ல என்பதால் அதை வாயில் வைக்க வேண்டாம் என்று மட்டும் பணிவாகக் கேட்டுக்கொண்டார். நாக்குக்கு அடியில் உள்ள சவ்வை வெட்டினால் பேச்சு வந்துவிடுமா என்று அத்தை கேட்டதற்கு, அந்தச் சவ்வு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், ஆனால் சொற்களே வராமல் இருப்பதற்குப் பொதுவாக அது காரணமாவதில்லை என்று வாயைத் திறந்து காட்டி விளக்கினார். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி என்னும்போது, அவர் மனம் ஒப்பாமல் எந்தப் பயிற்சியும் வீட்டில் நடக்காது. இதை அறிந்து நடந்துகொள்பவர்கள் குறைவு.

மொழி பற்றிய அறிவுரையும் தெளிவாக இருந்தது. பள்ளியில் சேரும்போது உதவும், ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று உறவினர் பலர் சொல்லியிருந்தார்கள். இரண்டு மொழிகளைக் கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்ட ஒன்று என்றும், பெற்றோர் எந்த மொழியில் தடையின்றிக் கொஞ்சவும் கதை சொல்லவும் முடியுமோ அந்த மொழியில்தான் பேச வேண்டும் என்றும் அவர் கூறினார். தமிழோடு தெலுங்கும் மலையாளமும் பிரெஞ்சும் பேசும் வீடுகள் உள்ள புதுச்சேரியில், இந்த விளக்கத்தால் பல குடும்பங்கள் நிம்மதி அடைந்திருக்கும். கைப்பேசியைப் பற்றியும் அவர் கடிந்து பேசவில்லை. ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்ததைச் சொல்லிவிட்டு, முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கைப்பேசியை எடுத்து வைக்கச் சொன்னார். முதல் வாரம் சோறே இறங்கவில்லை, பிறகு இறங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் பயன்படும் பட அட்டைகளில் ஸ்ட்ராபெரியும் பனிமனிதனும் இருக்கின்றன. இட்லித் தட்டும் கட்டுமரமும் முறமும் இல்லை. குழந்தை கண்ணால் காணாத பொருளின் பெயரைச் சொல்லப் பழக்குவதில் என்ன பயன் என்று கேட்டபோது, நிலையத்தார் அதை ஒப்புக்கொண்டார்கள்; ஆனால் அட்டைகள் மாறவில்லை. நாங்கள் எங்கள் வீட்டுப் பொருட்களையே படம் எடுத்து அச்சிட்டு வைத்துக்கொண்டோம். மதிப்பீட்டு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுகிறது. என் அருகில் அமர்ந்திருந்த ஒரு தாய், தன் குழந்தையைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் படித்துக் காட்டச் சொன்னார். பெற்றோரையே பயிற்சியாளராக்கும் ஓர் இடத்தில் அறிக்கை தமிழில் இல்லாதது பெரிய குறை. இதை அவர்கள் உடனே திருத்த வேண்டும். வீட்டுப் பயிற்சித் தாள்கள், ஒருவர் வேறு வேலையின்றி நாளுக்கு இருபது நிமிடம் குழந்தையோடு உட்கார முடியும் என்ற எண்ணத்தில் தயாரிக்கப்பட்டிருக்கின்றன. வேலைக்குப் போகும் தாய்க்குக் குளிப்பாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் செய்யத்தக்கவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. படி செங்குத்தானது. காத்திருக்கும் இடம் மிகச் சிறியது; சனிக்கிழமைகளில் நிற்கவும் இடமிருக்காது.

கட்டணம் ஓர் அமர்வுக்கு 600 ரூபாய். முன்னதாகச் சொல்லாமல் வராவிட்டாலும் பாதித் தொகை வாங்குகிறார்கள். கடலூரிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் பேருந்தில் வந்து, பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவும் பிடித்தால் செலவு இன்னும் கூடும். இந்தச் செலவு இயலாத குடும்பங்கள் வேறு வழியில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கப்பட்ட, ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். வளர்ச்சித் தாமதமும் செவித்திறன் குறைபாடும் அந்தப் பரிசோதனையில் அடங்கும், மேற்சிகிச்சை இலவசம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ அரசு மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ, இத்தகைய குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்திற்குப் பரிந்துரைக்கும்படி கேட்கலாம்.

என் மகன் இப்போது இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான். மூன்று சொற்கள் எப்போதாவது வருகின்றன. வெளியார் பலருக்கு அவன் பேசுவது முழுதாகப் புரிவதில்லை. அதற்கான பயிற்சி இனிமேல்தான். வேண்டியது கிடைக்காதபோது தலையைத் தரையில் மோதி அழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது என்பதைச் சொற்களின் எண்ணிக்கையைவிடப் பெரிதாகக் கருதுகிறேன். இதில் எவ்வளவு பயிற்சியால் வந்தது, எவ்வளவு வயதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் அவனோடு பேசும் விதம் மாறியது முழுக்க இந்த நிலையத்தால்தான்.

முதல்முறை செல்பவர்கள் செவித்திறன் சோதனை அறிக்கையையும், குழந்தைக்குப் பழக்கமான ஒன்றிரண்டு விளையாட்டுப் பொருட்களையும், கொறிக்க ஏதாவதையும் எடுத்துச் செல்லுங்கள். வார நாள் காலையில் நேரம் கிடைத்தால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். தூக்கம் வரும் வேளையில் எந்தக் குழந்தையும் ஒத்துழைக்காது என்பதால், தொலைபேசியில் நேரம் கேட்கும்போதே குழந்தை பகலில் தூங்கும் நேரத்தைச் சொல்லிவிட்டால், அதற்கேற்ப அமர்வை ஒதுக்கித் தருகிறார்கள்.