மனநல சாட்பாட் ஆப்கள்: எந்த வேலைக்குச் சரி, எங்கே கைவிடும்

மனநலத்துக்கென்று போனில் இறக்கிக்கொள்ளும் ஏஐ சாட்பாட்களில் இரண்டு ரகம் உண்டு. உளவியலாளர்கள் முன்பே எழுதிவைத்த பதில்களில் இருந்து பொருத்தமானதைத் தேடி எடுத்துத் தருவது ஒரு ரகம். பெங்களூரில் பிறந்த வைசாவும், 2025 ஜூன் 30-ல் ஆப்பை நிறுத்திவிட்ட அமெரிக்க வோபாட்டும் இந்த வழியில்தான் பெயர் வாங்கின. சாட்ஜிபிடி மாதிரி ஒவ்வொரு பதிலையும் அப்போதைக்கு அப்போதே உருவாக்குவது இன்னொரு ரகம். முதல் ரகம் நாலு நாளில் சலித்துவிடும், சொன்னதையே சொல்லும். இரண்டாவது ரகம் சலிக்காது. ஆனால் அடுத்து என்ன சொல்லும் என்று அதைச் செய்தவர்களுக்கே முழுசாகத் தெரியாது. இப்போது பல ஆப்கள் இரண்டையும் கலந்து ஓட்டுகின்றன. எந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று திரையில் காட்டுவதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். எழுதிப் பழகும் பயிற்சிகளுக்கு இவை உருப்படியானவை. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற சிகிச்சை முறையில் எண்ணப் பதிவு என்று ஒன்று உண்டு: என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடியது என்ன, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறோம், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன. இதை நோட்டில் எழுதச் சொன்னால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். ஆப் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பதால் கை ஓடுகிறது. தூக்கக் குறிப்பும் அப்படியே. படுத்த நேரம், கண் அசந்த நேரம், நடுவில் விழித்தது, எழுந்தது என்று இரண்டு வாரம் பதிந்து கொண்டுபோனால், "தூக்கமே வரலை டாக்டர்" என்பதைவிட மருத்துவருக்கு அது பத்து மடங்கு பயன்படும்.

சிக்கல் மதிப்பெண்ணில் தொடங்குகிறது. பல ஆப்கள் மனச்சோர்வை அளக்க பிஎச்கியூ-9 கேள்வித்தாளைப் பயன்படுத்துகின்றன. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்விதான் செத்துவிடலாம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. ஒருவர் மற்ற எட்டிலும் சேர்த்து 5 வாங்கி, இதில் மட்டும் 2 வாங்கினால் மொத்தம் 7. 'லேசான சோர்வு' என்று பச்சையோ மஞ்சளோ காட்டி, ஒரு மூச்சுப் பயிற்சியைத் திறந்துவிடும் ஆப் அங்கேயே தோற்றது. ஒன்பதாவதில் சைபரைத் தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் ஒரு மனிதர் பேச வேண்டும். இன்னொரு வழுக்கலும் உண்டு. கேள்விகள் எட்டோ இரண்டோதான் என்றால் அது பிஎச்கியூ-8 அல்லது பிஎச்கியூ-2. அவற்றில் இந்தக் கேள்வியே கிடையாது. எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது தமிழ். ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வடிகட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. நாம் பசி வந்தாலே "உயிர் போகுது" என்போம், சிரித்தாலும் "செத்தேன்" என்போம். வடிகட்டி அதற்கெல்லாம் அலறும். நிஜமாகவே முடிவெடுக்கும் நிலையில் இருப்பவரோ "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்", "படுத்தா எழுந்திரிக்கவே கூடாது", "புள்ளைங்களை மட்டும் யாராவது பார்த்துக்கிட்டா போதும்" என்பார். அதில் சாவு என்ற சொல்லே இருக்காது. மூன்றாவது வாக்கியத்தைக் குழந்தை வளர்ப்புக் கவலையாக எடுத்துக்கொண்டு பள்ளி நேர அட்டவணை போட்டுத் தரக்கூடிய இயந்திரம்தான் இது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோருக்கு இன்னும் மோசம். ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்கில் அடிப்பார்கள். உடம்பு வழியாக வரும் பேச்சும் உண்டு: நெஞ்சு படபடப்பு, வயிற்றைப் பிசைவது, உடம்பெல்லாம் எரிச்சல். ஆப் இதைப் பொது மருத்துவக் கேள்வியாக்கி மோர் குடிக்கச் சொல்லும்.

உருவாக்கிப் பேசும் ரகத்தின் பெரிய நோய், ஆமாம் போடுவது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை ஓட்டும் ஜிபிடி-4ஓ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அளவுக்கு மீறி இச்சகம் பேசுகிறது என்று, அதைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் அந்த அப்டேட்டையே திரும்பப் பெற்றது. சாதாரண மனச் சலிப்பில் இருப்பவருக்கு இது வெறும் எரிச்சல்தான். ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பவரும் நோய் உள்ளவருக்கு அப்படியல்ல. "கேஸை மூடினேனா? கை சுத்தமா?" என்று திரும்பத் திரும்ப உறுதி கேட்பதே அந்த நோயின் சுழற்சி. நல்ல சிகிச்சையாளர் பதில் சொல்லாமல் அந்தப் பதற்றத்தோடு இருக்கப் பழக்குவார். சாட்பாட்டோ ராத்திரி முழுக்க அலுக்காமல் "கவலைப்படாதீங்க, சுத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பைபோலார், அதாவது மனம் உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய் உள்ளவர் தூக்கமில்லாத உற்சாகத்தில் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் திட்டத்தைச் சொன்னால் அருமை என்று பட்ஜெட் போட்டுத் தரும். உணவுக் கோளாறு உள்ளவர்களுக்காக அமெரிக்க அமைப்பான நீடா வைத்திருந்த டெஸ்ஸா என்ற சாட்பாட், எடை குறைக்கக் கலோரியைக் குறைக்கும்படி அவர்களிடமே சொன்னது. 2023 மே இறுதியில் அதை இறக்கினார்கள்.

வீடியோவில் நிஜ மருத்துவரைப் பார்ப்பவருக்கும் ஏஐ பின்வாசல் வழியாக வருகிறது. பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் மென்பொருளைச் சொல்கிறோம். தமிழில் 'இல்லை' சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். "மாத்திரையை நிறுத்தலை" என்பதில் கடைசி அசை நெட்வொர்க்கில் அறுந்தால் அர்த்தம் தலைகீழ். ஆலோசனை முடிந்ததும் மாத்திரை பெயர், அளவு, போடுகிறாரா இல்லையா என்ற மூன்றையும் மருத்துவர் வாய்விட்டுத் திரும்பச் சொல்லும்படி கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல், ஏஐ தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை தரவோ மருந்து எழுதவோ கூடாது என்கிறது. மருத்துவருக்கு உதவலாம், அவ்வளவே. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலமும் 2025 ஆகஸ்டில் ஏஐ சிகிச்சை தருவதைத் தடைசெய்தது. ஆகவேதான் ஆப்கள் தங்களைச் சிகிச்சை என்று சொல்லாமல் 'நலவாழ்வுத் துணை' என்று எழுதிக்கொள்கின்றன. விளம்பரத்தில் தோழன், விதிமுறையில் 'நெருக்கடிக்கு ஏற்றதல்ல'.

எனவே ஓர் ஆப்பை எடுப்பதற்கு முன், மனம் நிதானமாக இருக்கும் நாளில் சோதியுங்கள். வீட்டில் யாருக்காவது எடுப்பதென்றால் நீங்கள் சோதியுங்கள். மேலே சொன்ன மறைமுக வாக்கியங்களில் ஒன்றைத் தமிழில் போடுங்கள். நேராக "செத்துப்போகிற எண்ணம் இருக்கா?" என்று கேட்கிறதா? எண் தருகிறதா, எந்த நாட்டு எண்? அமெரிக்காவின் 988 நமக்கு உதவாது. இந்தியாவில் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். மொழியைத் தேர்ந்தால் தமிழில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்புவார். தமிழ்நாட்டில் 104-ம் உண்டு, இலங்கையில் 1926. எண்ணைக் கொடுத்த பிறகு அடுத்த செய்தியிலேயே எதுவும் நடக்காத மாதிரி "இன்னைக்கு என்ன பண்ணலாம்?" என்று குதூகலித்தால் அந்த ஆப் வேண்டாம். தற்கொலை எண்ணம், குரல்கள் கேட்பது, மேனியா (பைபோலாரில் வரும் கட்டுக்கடங்காத உற்சாகம்), தொடர்ந்து உறுதி கேட்கும் ஓசிடி ஆகியவற்றுக்கு எந்த ஆப்பும் வேண்டாம்.

ரகசியம் காப்பதில் இந்தத் துறையின் வரலாறு நன்றாக இல்லை. பயனர் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக எழுந்த புகாரைத் தீர்க்க, ஆன்லைனில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் 2023-ல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பின்லாந்தின் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் திருடப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளை வைத்து 2020-ல் நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். நம் வீடுகளில் ஹேக்கர் வரை போக வேண்டாம். ஒரே போனை மூன்று பேர் எடுப்பார்கள். புனைபெயர் வையுங்கள், கூகுள் கணக்கு வழியாக ஆப்புக்குள் நுழையாதீர்கள், பூட்டுத் திரையில் நோட்டிஃபிகேஷன் தெரியாதபடி அணையுங்கள், மைக் அனுமதியை மறுங்கள்.

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. யுபிஐ ஆட்டோபேயில் மாதாமாதம் பிடித்துக்கொண்டே இருக்கும். முதலில் பிளே ஸ்டோரில் சந்தாவை ரத்து செய்யுங்கள், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் பாருங்கள். தூக்கக் குறிப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அமைப்புகளுக்குள் போய் உரையாடலையும் கணக்கையும் அழித்துவிட்டு, கடைசியாக ஆப்பை நீக்குங்கள்.